பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

பள்ளிக்கூடம் கட்டினால் மட்டும் போதாது. பிள்ளை நடந்து போகும் தூரத்தில் அது இருக்க வேண்டும்.

காமராசர் முதல்-அமைச்சராக இருந்த காலத்தில் (1954-63) சின்னஞ்சிறு ஊர்களிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஊரைத் தேடிப் பள்ளி வந்தது. பள்ளியைத் தேடிப் பிள்ளைகள் வந்தார்கள்.

2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் தூரத்துக்கு ஓர் அளவு வைத்தன. 5-ம் வகுப்பு வரை 1 கிலோ மீட்டர். 8-ம் வகுப்பு வரை 3 கிலோ மீட்டர்.

ஆனால், காகிதத்தில் உள்ள தூரம் வேறு. கால் நடக்கும் தூரம் வேறு. நடுவே ஓர் ஓடை இருந்தால், மழைக் காலத்தில் சுற்றித்தானே போக வேண்டும்? ஆபத்தான வழி என்றால், பள்ளியை இன்னும் பக்கத்தில் அமைக்க வேண்டும் என்பதும் விதிதான்.

பிள்ளைகள் குறைவு என்று சிற்றூர்ப் பள்ளியை மூடுவது எளிது. செலவு மிச்சம். ஆனால், வசதி உள்ள வீட்டுப் பிள்ளை வேனில் போகும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அதிலும், "அவ்வளவு தூரம் வேண்டாம்" என்று முதலில் நிறுத்தப்படுவது பெண் பிள்ளைதான்.

பள்ளியை மூடியே தீரவேண்டும் என்றால், முதலில் பிள்ளைகளை ஏற்றிச்செல்ல வண்டி வரட்டும். பிறகு பூட்டுப் போடலாம்.