எளிதா, கடினமா?

நுழையும்முன்

வீடியோ விளையாட்டில் வென்று பெறும் சின்னங்கள் நமக்கு மகிழ்ச்சி தருகின்றன. அம்மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது? எளிய நிலையில் வென்றவர் வெட்கப்பட வேண்டுமா? இக்கட்டுரையாசிரியரின் கருத்தைப் படித்து, உங்கள் கருத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.



ஒருநாள் வகுப்பு முடிந்த வேளையில் மாணவன் ஒருவன், தன் அண்ணனின் கைப்பேசியில் ஒரு விளையாட்டை இறுதிவரை ஆடிச் சின்னம் பெற்றதை நண்பர்களிடம் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்த மற்றொருவன், "ஈசியிலா, ஹார்டிலா?" என்று வினவினான். "ஈசி" என்று விடை வந்ததும் சுற்றியிருந்தோர் சிரித்தனர். வென்றவன் தலைகுனிந்தான். அச்சிரிப்பு நியாயமானதன்று என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

விளையாட்டில் சின்னம் பெறும் வழக்கம் புதியதன்று. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் 'பிட்ஃபால்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. காட்டில் புதையல் தேடும் அவ்விளையாட்டில் 20,000 புள்ளிகள் எடுத்தவர், தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து அஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தது. சட்டையில் தைத்துக்கொள்ளத்தக்க துணிச்சின்னம் ஒன்று அவருக்கு அஞ்சலில் வந்தது. 2005இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவி, சாதனைகளைத் தானே பதிவுசெய்து புள்ளி வழங்கியது. 2008இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவியில் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனக் கோப்பைகள் வந்தன. துணிச்சின்னம் திரையில் ஒளிரும் படமாக மாறியது. ஆயினும் அதன் பொருள் மாறவில்லை. 'இதை நான் செய்து முடித்தேன்' என்பதற்கு அது சான்று.

அச்சான்று ஏன் இன்பம் தருகிறது? மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்னும் உளவியல் அறிஞர், மனிதர் ஒரு செயலில் தம்மை மறந்து ஈடுபடும் நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். செயல் நம் திறனைவிட மிக எளிதாயின் சலிப்பு தோன்றும். மிகக் கடினமாயின் கலக்கம் தோன்றும். திறனும் சவாலும் ஒத்து நிற்கும் இடத்தில்தான் மனம் ஒன்றும் என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, கடினம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவினதன்று. பத்தாண்டுகளாக ஆடுபவனுக்கு எளிதாயிருப்பது, நேற்றுத் தொடங்கியவளுக்கு மலையாயிருக்கும்.

இதை ஏற்காதவரும் உளர். 2019இல் வெளிவந்த 'செகிரோ' என்னும் விளையாட்டில் எளிய நிலை, கடின நிலை என்ற தெரிவே இல்லை. எல்லாரும் ஒரே கடுமையைத்தான் எதிர்கொள்ள வேண்டும். "எளிய நிலையும் வேண்டும்" என்று சிலர் கேட்டனர். "அவ்வாறு செய்தால் வெற்றிக்கு மதிப்பில்லை" என்று வேறு சிலர் மறுத்தனர். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த 'செலஸ்ட்' வேறு வழியில் சென்றது. மலையேறும் ஒரு பெண்ணின் கதையைக் கூறும் அவ்விளையாட்டும் மிகக் கடினமானதே. ஆயினும் வேண்டுவோர் அதன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், உதவியைக் கூட்டிக்கொள்ளலாம்.

எல்லாரும் ஒரே சோதனையைக் கடந்தோம் என்பதில் ஒரு பெருமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைவிரல்களை விரைவாக அசைக்க இயலாத ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அத்தகையோருக்காகவே 2018இல் மைக்ரோசாஃப்ட், இரண்டு பெரிய பொத்தான்கள் கொண்ட தனிக் கருவியை வெளியிட்டது. நமக்கு எளிதாகத் தோன்றும் நிலையில் அப்பிள்ளை வென்றால், அதற்குப் பின்னுள்ள உழைப்பை அளக்க நம்மிடம் அளவுகோல் உண்டா?

நம் மும்பையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நம் ஊர் உறியடியை ஒத்த தஹி ஹண்டி விழாவில் ஒவ்வொரு குழுவும் தன் வலிமைக்கேற்ப ஐந்து, ஆறு, ஏழு என அடுக்குகள் அமைக்கிறது. 2012இல் ஜோகேஸ்வரியைச் சேர்ந்த ஜெய் ஜவான் குழு ஒன்பது அடுக்குகள் அமைத்து, 43 அடிக்கும் மேல் உயர்ந்து கின்னஸ் சாதனை படைத்தது. ஐந்து அடுக்கு அமைத்த குழுவைப் பார்த்து எவரும் நகைப்பதில்லை. ஆனால் ஐந்து அமைத்துவிட்டு ஒன்பது என்று சொன்னால், தெருவே நகைக்கும்.

இழுக்கு அங்கேதான் இருக்கிறது. உயர்ந்த தரநிலை பெற்ற கணக்கைப் பணம் கொடுத்து வாங்குவோரும், பிறரை ஆடச்சொல்லிச் சின்னம் பெறுவோரும் உள்ளனர். அவர்களிடம் சின்னம் இருக்கும். அதைப் பெற்ற நினைவு இராது. தோற்றுத் தோற்றுக் கற்ற அந்த மாலைப்பொழுதுகள் இல்லாத சின்னம் வெறும் படமே.

இப்போது நம் தமிழ் வகுப்புக்கு வருவோம். தாராவியில் வளர்ந்த ஒருவன் தமிழைச் சரளமாகப் பேசுவான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுவான். மாட்டுங்காவில் வாழும் ஒருத்தி பாட்டியிடம் எழுத்துகளைக் கற்றிருப்பாள், பேசக் கூச்சப்படுவாள். செம்பூரிலிருந்து வரும் மற்றொருவனுக்கு 'அ' என்பதே இவ்வாண்டுதான் அறிமுகம். மூவர் கையிலும் இருப்பது இதே பயிற்சி நூல்தான். மூவருக்கும் இதன் கடினம் ஒன்றாகுமா? ஒருவர் நான்கு வரி எழுதுவதும், மற்றவர் நான்கு பக்கம் எழுதுவதும் சம வெற்றியாகலாம். வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதிய பத்துப் பக்கம் மட்டும் வெற்றியாகாது.

அடுத்த விடுமுறையில் தாதரில் ரயிலேறித் திருநெல்வேலிக்குச் செல்வோர் ஒன்று செய்யுங்கள். தமிழ்நாட்டு நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஆங்கிலத்தைப் பார்க்குமுன் தமிழைப் படிக்க முயலுங்கள். முதல் நிலையத்தில் இரண்டு எழுத்துகள் பிடிபட்டால் போதும். அடுத்த நிலையத்தில் மூன்றாகட்டும். ஊர் வந்து சேரும்போது ஒரு பெயரையேனும் பிற எழுத்துகளின் துணையின்றி முழுதாகப் படித்துவிட்டால், அம்மாவிடம் சொல்லுங்கள். அதற்கு எந்தத் திரையிலும் சின்னம் ஒளிராது. ஆனால் அது நீங்களே ஈட்டியது, 'ஈசியிலா, ஹார்டிலா?' என்று எவர் கேட்டாலும் தலைகுனியத் தேவையில்லை.

சொல்லும் பொருளும்

சான்று – ஆதாரம்
தெரிவு – தேர்ந்தெடுத்தல்
நகைத்தல் – சிரித்தல்
இழுக்கு – குற்றம், இழிவு
ஈட்டுதல் – உழைத்துப் பெறுதல்

சிந்தித்து எழுதுக

1. எளிய நிலையில் வென்றவனைப் பார்த்துச் சிரித்தது நியாயமன்று என்பதற்கு ஆசிரியர் கூறும் காரணங்கள் யாவை?
2. 'எல்லாருக்கும் ஒரே கடின நிலையே இருக்க வேண்டும்' என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணத்துடன் எழுதுக.
3. நீங்கள் பலமுறை தோற்றபின் வென்ற ஒன்றைப் பற்றி, உங்களால் இயன்ற அளவில் எழுதுக.