கூடடையாத கோழி

மட்டக்குளியில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. களனி கங்கை கடலோடு கலக்கும் இந்தப் பக்கத்தில் பெரிய வளவு உள்ளவர்கள் குறைவு. ஆனாலும் குசினிக்குப் பின்னால் கிடக்கும் சிறு துண்டு நிலத்தில் இரண்டு ஊர்க்கோழியாவது வளர்க்கும் உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படியொரு வீட்டிலிருந்து ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். மூன்று வருடமாக மஃரிபுக்கு முன்னரே தானாகக் கூட்டுக்குள் போய்க் குந்திய கோழி, பத்து நாளாக முருங்கை மரத்தில் ஏறி இரவைக் கழிக்கிறதாம்.

“மௌலவி, புது மருமகள் வந்த நாள் தொட்டுத்தான் இந்த மாற்றம். இது நல்லதுக்கில்லை என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்றா. கோழியை அறுத்து ஸதகா கொடுத்தாப் போதுமா, இல்லாட்டி ஏதும் ஓதிப் பார்க்கணுமா?” என்று கேட்டார். பின்னால் நின்ற மருமகள் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்தப் பிள்ளையின் நிலை என் மனத்தை வருத்தியது.

அன்பின் சகோதரிகளே! அறியாமைக் காலத்து அரபிகள் பிரயாணம் புறப்படுமுன் ஒரு பறவையைக் கலைத்து விடுவார்கள். அது வலப்பக்கம் பறந்தால் போவார்கள். இடப்பக்கம் பறந்தால் திரும்பி விடுவார்கள். சகுனத்துக்கு அரபியில் வழங்கும் ‘தியரா’ என்ற சொல், பறவையைக் குறிக்கும் ‘தைர்’ என்பதிலிருந்து வந்ததே. நபி (ஸல்) அவர்கள் அந்த நம்பிக்கையை அடியோடு மறுத்தார்கள். எனவே, “கோழிக்கூட்டைப் பார்த்தீர்களா உம்மா?” என்று திருப்பிக் கேட்டேன். அவர் பார்த்திருக்கவில்லை.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ஆகவே வெளிச்சம் மங்குமுன்பே பாதுகாப்பான இடம் தேடிக் கொள்ளும். அதன் மூதாதையான காட்டுக்கோழி மரக்கிளையில் உறங்குவது. நமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியும் அப்படித்தான். கூடு பிடிக்காமற் போனால் வீட்டுக்கோழியும் மரத்தைத்தான் நாடும்.

பிடிக்காமற் போவதற்குக் காரணங்கள் பல. இரவில் பெருச்சாளியோ மரநாயோ சாரைப் பாம்போ வந்து பயமுறுத்தியிருக்கலாம். புதிதாக விட்ட கோழி கொத்தி விரட்டலாம். உள்ளே புழுக்கம் இருக்கலாம். அடைக்கு வந்த கோழியென்றால் கம்பில் ஏறாமல் முட்டையிடும் இடத்திலேயே கிடக்கும். காலில் புண்ணோ நோயோ இருந்தால் நிலத்திலேயே ஒடுங்கும்.

எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தப்புவது சிவப்பு உண்ணி. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் டோர்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியால் இடுக்கைத் துடைத்தால் இரத்தக் கறை படியும்.

அன்று இஷாவுக்குப் பின் மகன் அப்படியே செய்தார். துணி சிவந்து போயிற்று! கலியாண வேலையில் மூன்று கிழமையாக யாரும் கூட்டைக் கழுவவில்லை. ஆட்கள் நடமாட வசதியாக அதை வெயில் படாத மூலைக்கு வேறு தள்ளியிருந்தார்கள். மருமகள் வந்ததும் கோழி மாறியதும் ஒன்றாக நேர்ந்தது இதனால்தான்.

வைத்தியம் எளிது. கோழிகளை வெளியே எடுத்துவிட்டு, குப்பையை அள்ளி எரித்து, கொதிநீரை இடுக்கெல்லாம் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும். ஒரு தடவை போதாது. முட்டையிலிருந்து ஒரு கிழமையளவில் புதிய உண்ணிகள் வளர்ந்து விடும்; ஆகவே கிழமைக்கொரு தடவையாக மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். கூட்டை மாதக்கணக்கில் வெறுமையாக விட்டாலும் பசி தாங்கிக் கிடக்கும் ஜந்து அது. சுத்தமான பின், இருட்டிய நேரத்தில் கோழியை மெதுவாகத் தூக்கிக் கம்பில் வைத்தால் சில இரவுகளில் பழகிவிடும்.

நான்காம் கிழமை அந்தத் தாயார் மீண்டும் வந்தார். கோழி கூட்டுக்குப் போகிறதாம். கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு பூசியது மருமகள்தானாம். “அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?” என்று கேட்டேன். கண்கலங்கி, “இன்றைக்குச் சொல்றேன் மௌலவி” என்றார்.

வாயில்லா ஜீவனை வளர்ப்பவர் அதன் கஷ்டத்தை அறிவது கடமை. அறியாமல் விட்டால் கோழி மட்டுமா கஷ்டப்படுகிறது?