கூட்டம் எங்கே நடக்கிறது?

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல். வந்த தொழில் காரியம் கைகூடாமல், நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன் அதன் முன்கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தார். ஒரு கோடியில் மதுக்கூடம். சிரிப்பும் பேச்சும் காதில் விழுகின்றன. மறுகோடியில் தொலைபேசியும் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று பட்டியலைப் பார்த்து அழைக்கத் தொடங்கினார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் என்று கறாராகச் சொல்லி வந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அந்த இயக்கம் இன்று தமிழ்நாட்டிலும் இருக்கிறது. தேவாலய வளாகங்களிலும் பள்ளி வகுப்பறைகளிலும் மாலை நேரத்தில் 'ஏ.ஏ. கூட்டம்' நடக்கிறது. ஆனால், தேடிப் போகிறவர் கண்ணில் அது எளிதில் படுவதில்லை. டாஸ்மாக் கடைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் மிஞ்சின. அவற்றுக்கு வழி கேட்டு யாரும் திண்டாடியதாகத் தெரியவில்லை.

கூட்டம் கண்ணில் படாததற்கு ஏ.ஏ.வின் விதிகளே ஒரு காரணம். அது தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை. உறுப்பினர் ஊடகத்தில் பெயரையோ முகத்தையோ காட்டக் கூடாது. வெளியார் நன்கொடையும் அரசு மானியமும் கிடையாது. வந்தவர்கள் பையில் போடும் சில்லறையில்தான் தேநீரும் அறை வாடகையும். பணத்தாலும் புகழாலும் குலைந்த சங்கங்களைப் பார்த்த நமக்கு இந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும். ஆனால், ரகசியம் உறுப்பினரின் பெயருக்குத்தான். கூட்டம் நடக்கும் கிழமைக்கும் இடத்துக்கும் அல்ல. அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு மற்றவர்களுடையது: மருத்துவர், அரசு மருத்துவமனை, கடை நடத்தும் அரசு.

உள்ளே நடப்பது எளிமையானது. ஒருவர் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குகிறார். தான் குடித்ததையும் விட்டதையும் சொல்கிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, அறிவுரை இல்லை, கட்டணமும் இல்லை. புதிதாக வருபவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இருந்தால் போதும் என்பார்கள். அம்மன் சன்னதியில் கயிறு கட்டி, அடுத்த சம்பள நாளில் அறுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்கும்.

தேவாலய வளாகம் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவதால் நாத்திகருக்கும் உறுத்தல். 'நாம் அறிந்துகொண்ட வகையில் கடவுள்' என்று அன்றே சேர்த்தது நம்பாதவர்களையும் உள்ளே அழைக்கத்தான். அப்படியும் ஒட்டாது என்பவரைக் கட்டாயப்படுத்துவதில் பயனில்லை. வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.

பலன் உண்டா? 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில், மற்ற முறையான உளவியல் சிகிச்சைகளைவிட இந்த வழி மேலாக இருந்தது. அதிலும் நல்ல பலன் கிடைத்தது, சிகிச்சை அளிப்பவரே திட்டமிட்டு நோயாளியைக் கூட்டத்தோடு இணைத்துவிட்ட இடங்களில். 'ஏதாவது கூட்டத்துக்குப் போங்க' என்று வாய்வார்த்தையாகச் சொல்வது வேறு, கைபிடித்துக் கொண்டுபோய் விடுவது வேறு.

இங்கே எத்தனை பேரை அப்படிக் கொண்டுபோய் விடுகிறோம்? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார்.

பல வருடம் அளவின்றிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் மருத்துவர், பிறகு கூட்டம். 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற இடங்கள், சிகிச்சை முடிந்த பிறகுதான் உண்மையான வேலை என்பதை வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன.

நோயாளியைக் கூட்டத்தோடு இணைப்பதில் அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி அறையைச் சிறு வாடகைக்குத் தரலாம். இலவசமாகத் தந்தால் ஏ.ஏ.வினர் வாங்கமாட்டார்கள். மருத்துவமனைச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, அருகிலுள்ள கூட்டத்தின் கிழமை, நேரம், இடம் மூன்றையும் அச்சிடலாம். பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் டாஸ்மாக் கடைச் சுவரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அதே மூன்று விவரமும், போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446-ம் இருக்கட்டும்.

கடைச் சுவர் எல்லோருக்கும் எட்டாது. பெரும்பாலும் கூட்டத்தைத் தேடி முதலில் அலைவது மனைவியோ தாயோதான். வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்கென்றே இருக்கிறது. அதன் நேரமும் சீட்டில் வேண்டும். குடிக்கும் பெண்ணோ கடை வாசலில் நின்று எதையும் படிக்கமாட்டார். அவருக்கு அந்தச் சீட்டை, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்தான் கொடுக்க முடியும்.