நிலத்தின் வெப்பமும் லயன்களின் குளிரும்

இறம்பொடை, நுவரெலியா பகுதித் தோட்ட லயன்களில் குளிர் தணிக்க இன்றும் விறகடுப்பே துணை. அதேவேளை, நிலத்தின் சுமார் 10 மீற்றர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாதிருக்கின்றது. அங்கு புதைக்கப்பட்ட குழாய்களில் சுற்றிவரும் நீர் அவ்வெப்பத்தை ஏந்திவர, வெப்பப் பம்பி அதனை உயர்த்தி வீட்டிற்கு வழங்குகின்றது. வெயில் காலத்தில் வீட்டின் வெப்பத்தையே நிலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றது. ஓர் அலகு மின்சாரத்துக்கு 3 முதல் 4 அலகு வெப்பம் கிடைப்பதே இதன் சிறப்பு. சுவீடனில் இம்முறை பரவலாகவுள்ளது.

எனினும், மலையகத்துக்கு இதனை அப்படியே பரிந்துரைக்க இயலாது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியுடன் வந்த மண்சரிவுகளுக்குப் பின்னர், சரிவு நிலத்தில் ஆய்வின்றித் துளையிடுவது ஆபத்தை அழைப்பதாகும். பம்பியின் விலையும் தோட்டத் தொழிலாளிக்கு எட்டாதது. தகரக் கூரையூடாக வெப்பம் வெளியேறும் வீட்டில் எந்த இயந்திரமும் பயன் தராது.

ஆகவே, பாதிக்கப்பட்டோருக்கான புதிய வீடுகளில் சீலிங், இறுக்கமான சுவர், புகைபோக்கி ஆகியன முதலில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். நிலவெப்பத்தை வைத்தியசாலை, பாடசாலை போன்ற பொதுக் கட்டடங்களில் பரீட்சித்துப் பார்ப்பதே அடுத்த படியாகும்.