இருப்புப் பாதையோரம்: கொடிமலை ரயில்

பயணச்சீட்டுகளுக்கும் பார்சல் ரசீதுகளுக்கும் நடுவே காலங்கழிக்கும் நாம் இத்திங்கள் கடல் கடந்த ஒரு ரயிலைப் பற்றி எழுதத் துணிந்தோம். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமே உள்ள குட்டி ரயில் அது. பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரின் புறத்தேயுள்ள ஆயர் ஈத்தாமிலிருந்து, அங்குள்ள நம்மவர் கொடிமலை என்றழைக்கும் மலையின் உச்சிக்குச் செல்கிறது.

அதற்கு முன் நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையாரை ஒரு மலைக்கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். முழங்கால் வலியால் அவரால் படியேற இயலவில்லை, டோலி பேசினோம். தூக்க வந்தவருள் ஒருவருக்கு எம் வயதுதான் இருக்கும். அவர் தோளில் காய்த்துப்போயிருந்த தழும்பைக் கண்டதும் அன்னையார் எழுந்துவிட்டார். "இன்னொருத்தி பெற்ற பிள்ளையின் தோளில் ஏறி நான் சாமி பார்க்க வேண்டாம்" என்றார். அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றித் திரும்பினோம். அன்றைய கூலி போயிற்றே என்று அவர்கள் முணுமுணுத்ததும் எம் செவியில் விழாமலில்லை.

கொடிமலையிலும் ஒரு காலத்தில் டோலிதான். வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரரைக் கூலியாட்கள் சுமந்து ஏறினர். முதலில் தனியார் அமைக்க முயன்ற ரயில் பயன்படாமற்போயிற்று. பின்னர் மலாய் நாட்டு ரயில்வேப் பொறியாளர் ஆர்னால்டு ஜான்சன் வகுத்த திட்டப்படி 1923இல் ரயில் ஓடலாயிற்று.

இராட்டினத்தில் கயிற்றின் இரு முனையிலும் குடங்கட்டி நீர் இறைத்தவர்களுக்கு இதன் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. கம்பி வடத்தின் ஒரு முனையில் ஒரு வண்டி, மறுமுனையில் மற்றொரு வண்டி. இறங்கும் வண்டியின் பாரமே ஏறும் வண்டியைப் பெரும்பாலும் தூக்கிவிடும். குறைந்ததை மட்டும் எந்திரம் ஈடு செய்யும். பாதையோ ஒன்றே. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து, வண்டிகள் விலகிச் செல்ல இடங்கொடுக்கிறது. பழனியில் நாம் 'விஞ்சு' என்பதும் வடத்தால் இழுபடும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

பழைய பாதை இரு பகுதிகளாய் இருந்தது. நடு நிலையத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும். உச்சிக்குச் செல்ல அரைமணி பிடிக்கும். 2010இல் அதை நிறுத்திவிட்டுப் புதிதாய் அமைத்தனர். 2011 முதல் ஒரே வண்டியில் சில நிமிடங்களில் உச்சியை அடையலாம். எமக்கு இதில் சற்றுக் குறைதான். ஜங்ஷனில் இறங்கி மாறாத பயணத்தைப் பயணமென்று ஒப்ப ரயில்வே குமாஸ்தாவுக்கு மனம் வருமா?

அண்மையில் உறவினர் வீட்டுக்குச் சென்றபோது அன்னையாரையும் அழைத்துப்போனோம். வண்டி செங்குத்தாய் ஏறத் தொடங்கியதும் எம் கையை இறுகப் பற்றிக்கொண்டார். "யார் இழுக்கிறார்கள்?" என்று கேட்டார். "எதிரே இறங்கி வருகிறவர்கள்தாம், அம்மா" என்றோம். நம்பவில்லை. உச்சியில் முருகன் கோயில் உண்டு. அங்கே நெடுநேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நாம் கேட்கவில்லை.

திரும்புகையில் நடுவழியில் எதிர்வண்டி எம்மைக் கடந்தது. அதன் சன்னலோரம் ஒரு சீனக் கிழவி அமர்ந்திருந்தாள். அன்னையார் அவளை நோக்கிக் கையுயர்த்தினார். அவளும் உயர்த்தினாள், அதற்குள் வண்டிகள் விலகிவிட்டன.