எலிக் கணக்கும் குப்பைக் கணக்கும்

மும்பை உறங்கும் வேளையில் மாநகராட்சியின் எலி வேட்டைக்காரர்கள் தடியும் டார்ச் விளக்குமாகச் சந்துகளில் இறங்குகிறார்கள். ஓர் இரவுக்கு ஓர் ஆள் 30 எலி அடித்தாக வேண்டும் என்பது நெடுநாளைய கணக்கு. 1896-ல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக்கில் ஊரே காலியான நகரம் இது. எலியைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆனால் அடித்த எலியை எண்ணுகிறவர்கள், அள்ளாத குப்பையை எண்ணுகிறார்களா? பெண் எலி சினையான மூன்றே வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு ஏழெட்டு. மார்க்கெட் வாசலில் அழுகிய காய்கறியும், ஓட்டல் பின்புறம் மிச்சச் சோறும் கிடக்கும்வரை, இன்று 30 போனால் நாளை அந்த இடத்துக்கு வேறு 30 வந்து சேரும். பூனை வளர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. இந்த ஊர்ப் பெருச்சாளியைக் கண்டால் பூனையே ஒதுங்கி வழி விடுகிறது!

2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டு போனதை மறக்க முடியுமா? எலியின் சிறுநீர் கலந்த நீரில், காலில் சிறு கீறலோடு நடந்தாலே போதும். தாராவித் தமிழர்கள் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரை மிதித்துத்தான் வேலைக்குப் போகிறார்கள். அப்படி நடந்தவர்கள் காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல், மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

எலி அடிப்பவரைக் குறை சொல்ல இடமில்லை. இரவெல்லாம் சாக்கடையோரம் நிற்பவர் அவர். அவருக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுக்கட்டும். குப்பை லாரி சந்து முனைக்குத் தினமும் வரட்டும். வார்டு அதிகாரி எலிக் கணக்கோடு, அன்று காலியாகாத குப்பைத் தொட்டிகளின் கணக்கையும் மேலிடத்துக்கு அனுப்பட்டும்.