லண்டனில் ஒலித்த சிம்பொனி... தஞ்சாவூருக்கு எப்போ வரும்?

டெல்டா பக்கம் 'ஆர்கெஸ்ட்ரா'ன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோயில் திருவிழா, ட்யூப் லைட் கட்டின மேடை, ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, ரெண்டு மூணு பாடகர்கள், நடுராத்திரியிலும் குறையாத 'ஒன்ஸ் மோர்'. சரிதானே?

இதே வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. வயலின், செல்லோ, குழல், டிரம்பெட் என 70, 80 பேர் ஒரே மேடையில் உட்கார்ந்து, பெரும்பாலும் மைக்கே இல்லாமல் அரங்கத்தை நிரப்புவது. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது அப்படித்தான் பெரிய குழுவோடு. மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். அப்போது ராஜாவுக்கு வயசு 81. நாம எல்லாரும் ரீல்ஸ்ல பார்த்து நெகிழ்ந்தோம். ஆனா டெல்டாவில் இருந்துகிட்டு, இப்படி ஒரு குழுவை நேர்ல கேட்க நமக்கு வழி இருக்கா?

ராக் பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும்

இந்தக் கதை லண்டனில் ரொம்ப முன்னாடியே தொடங்கிடுச்சு. 1969 செப்டம்பர் 24-ம் தேதி, ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்பிள் என்ற ராக் பேண்டு, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு மேடை ஏறியது. இசை, கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் எழுதியது. மூணு நிமிஷப் பாட்டோடு நிற்காமல், பல பகுதிகளாக நீண்டுபோகும் 'புரோக்ரஸிவ் ராக்' தலையெடுத்த நேரம் அது.

சிக்கல் என்னன்னா, ஆம்ப்ளிஃபயர் போட்ட ஒரு கிட்டார் போதும், எண்பது பேரையும் அமுக்கிடும். லார்ட் அந்த மோதலை மறைக்கவில்லை. முதல் பகுதியில் பேண்டையும் ஆர்கெஸ்ட்ராவையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்தினார். போகப்போகத்தான் ரெண்டும் பேச ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வந்த பல கூட்டணிகளை அளக்க இதுவே நல்ல அளவுகோல்: ஆர்கெஸ்ட்ரா இசைக்குள்ளே இருக்கா, இல்லை பின்னாடி தொங்கவிட்ட சீலையா?

அதே ராயல் ஃபில்ஹார்மோனிக்கோடு இளையராஜா 1993-ல் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவே இல்லை. அதற்கும் முன்பு, 1986-ல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் ரெண்டு பேருக்குச் சமர்ப்பணம். ஒருவர் ஜெர்மனியின் பாக். இன்னொருவர் நம்ம திருவையாறு தியாகராஜர். 2003-ல் பெங்களூரில் தொடங்கிய 'அகம்' பேண்டு, தியாகராஜர் கிருதியை எலெக்ட்ரிக் கிட்டாரோடு புரோக்ரஸிவ் ராக்காகப் பாடுகிறது. ஆக, பாட்டு காவிரிக்கரையில் இருந்து போகுது. கச்சேரிதான் காவிரிக்கரைக்குத் திரும்பி வர மாட்டேங்குது.

தஞ்சாவூருக்கு இது புதுசா?

இல்லவே இல்லை பாஸ். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், ஐரோப்பிய வாத்தியங்களையும் இசைக்குறிப்புகளையும் தஞ்சை அரண்மனைக்கு வரவழைத்தார். அரண்மனைக்கென்று ஒரு பேண்டு இருந்தது. திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று சொல்லப்படும் அவை சுமார் 40. அதில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு!

அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னிக்கு வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைச்சுப் பார்க்க முடியுமா? நின்னுக்கிட்டோ, நாற்காலியில் உட்கார்ந்தோ வாசிச்ச வாத்தியம், இங்கே வந்து சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துடுச்சு. விருந்தாளியா வந்து வீட்டு ஆளா ஆகிடுச்சு.

1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் தஞ்சாவூர்க்காரர்தான். மேற்கத்திய இசையும் அறிந்த அவர், 1912-லிருந்து தஞ்சையில் இசை மாநாடுகளைத் தன் முயற்சியிலேயே நடத்தினார். வெளியூர் இசையைப் பார்த்துப் பயப்படாத ஊர் இது.

அப்புறம் ஏன் வரலை?

முதல் காரணம் காசு. எண்பது பேருக்குப் பயணம், ரூம், சாப்பாடு, ஒத்திகை. அதோடு, மைக் இல்லாமலே கேட்கிற மாதிரி கட்டின அரங்கம் வேணும். கல்யாண மண்டபத்தில் எதிரொலிதான் மிஞ்சும்.

ரெண்டாவது காரணம் நம்ம பழக்கம். டெல்டாவில் இசை என்றைக்கும் டிக்கெட் இல்லாத விஷயம். கோயிலில் கேட்போம், திருவிழாவில் கேட்போம். ஒவ்வொரு வருஷமும் திருவையாறு ஆராதனையில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சேர்ந்து பஞ்சரத்ன கிருதிகளைப் பாடுவதைக் கேட்க யாரும் காசு கேட்பதில்லை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என அஞ்சு ராகம், ஒரே குரல். யோசிச்சா அதுவும் ஒரு ஆர்கெஸ்ட்ராதான், கோல் பிடிச்சு நடத்த ஆள் இல்லாமலே. நெல்லு வித்த காசு கடனுக்கும் அடுத்த நடவுக்கும் போற ஊர்ல, ஆயிரக்கணக்கில் டிக்கெட் போட்டால் யார் வருவாங்க?

ராஜாவின் இசை ரொம்ப பக்கத்துல வந்தது 2025 ஜூலை 27-ல். கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில், கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் கலந்துகொண்ட ஆடித் திருவாதிரை விழாவில் திருவாசகப் பாடல்கள் ஒலித்தன. 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு வெளிவந்த அதே திருவாசகம். ஆனா அது ஒரு நாள் விழா. விழா முடிஞ்சா மேடையைப் பிரிச்சுடுவாங்க.

வந்தா யாருக்கு லாபம்?

லண்டன் குழுவை ஒரு ராத்திரிக்குக் கூட்டிட்டு வந்து கைதட்டி அனுப்பினால் நமக்கு மிஞ்சுவது செல்ஃபிதான். இங்கேயே இருக்கிற கலைஞர்களை யோசிங்க. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம். ஆனா கல்யாணத்துக்குச் செண்டை மேளம் புக் பண்ணிட்டு, நாகஸ்வரத்தை ஸ்பீக்கர்ல போடுற வீடுகளும் நம்ம ஊர்லதான் இருக்கு. வாத்தியத்துக்குச் சான்றிதழ், வாசிக்கிறவருக்கு வேலை இல்லைன்னா என்ன பிரயோஜனம்?

அதனால் கேட்க வேண்டியது ஒரு கச்சேரி இல்லை, ஒரு தொடக்கம். திருவையாறில் அரசு இசைக் கல்லூரி இருக்கு. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கு. சரஸ்வதி மகால் நூலகம் இருக்கு. வயலின் மாணவர்கள் இருபது பேர், நாலு நாகஸ்வரம், ரெண்டு தவில், திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிற ஒரு கீபோர்டு தம்பி, ஒரு டிரம்மர். இவங்களுக்காகவே புதுசா ஒரு இசை எழுதச் சொல்லலாம். நோட்டுஸ்வரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அதில் தவில் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கக் கூடாது. லார்ட் பண்ணின மாதிரி, மோதட்டும், அப்புறம் பேசட்டும்.

அதுவரைக்கும் உங்களுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, 'ஹவ் டு நேம் இட்'டை நல்ல ஹெட்ஃபோன்ல ஸ்கிப் பண்ணாம முழுசா கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல அடி ஸ்வரங்கள் பாதி காணாமப் போயிடும். ரெண்டு, உங்க வீட்டு அடுத்த விசேஷத்துக்கு நாகஸ்வரம், தவில் கலைஞர்களை நேர்ல கூப்பிடுங்க. வாசிக்க ஆள் இருந்தாதான் நாளைக்கு நம்ம ஊர் ஆர்கெஸ்ட்ராவுல உட்கார ஆள் இருப்பாங்க.